பழைய பிக்கப்பில் இன்ஜின் தட்டுகிறதா, நெடுஞ்சாலையில் இழுவை இல்லையா? வரிசையாகச் சோதிக்கும் முறை

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், தகரக் குவளையில் கோலிகுண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போல முன்னாலிருந்து ஒரு சத்தம். ஊருக்குள் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் ஏறி ஒரு லாரியைத் தாண்டப் பார்த்தால், முழுதாக மிதித்தும் வேகம் எடுக்க மறுக்கிறது. எங்கள் பழைய பிக்கப்பில் இந்த இரண்டு தொல்லையும் சேர்ந்தே வந்தன. காரணம் பிடிபடுவதற்குள் பிளக், வயர், பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, சென்சார் என்று தேவையில்லாத பாகங்கள் நிறைய மாறிவிட்டன. அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும். கார்புரேட்டரோ ஆரம்பகால இன்ஜெக்‌ஷனோ உள்ள, 1980கள், 90களின் பிக்கப்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். டீசல் இன்ஜினின் தட்டல் வேறு விஷயம்.

தொடங்குமுன் ஒன்று. டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) மட்டும் முன்னேறியிருந்தால் தட்டும், ஆனால் இழுவை பெரிதாகக் குறையாது. டைமிங் பின்தங்கியிருந்தால் இழுவை போகும், ஆனால் தட்டாது. இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் மூன்றின் மேல்: பாரம் ஏறும்போது பெட்ரோல் போதாமல் போவது, புகைவழி அடைத்து இன்ஜினுக்குள் சூடு தங்குவது, இன்ஜினே அளவுக்கு மீறிச் சூடாவது. கீழே உள்ள வரிசை இதை வைத்துத்தான் அமைந்தது.

1. முதலில் காகிதங்கள்

பானெட்டைத் தூக்கினால், அதன் அடிப்பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலுள்ள தகட்டிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அடிப்படை டைமிங், ஐடில் வேகம் (மிதிக்காமல் விட்டால் இன்ஜின் ஓடும் வேகம்), பிளக் இடைவெளி, டைமிங் பார்க்கும்போது எதைக் கழற்ற வேண்டும், வேக்கம் குழாய்கள் (இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் மெல்லிய குழாய்கள்) எங்கெங்கே போகின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால் உங்கள் இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் கட்டாயம் வேண்டும். ஒரே மாடல் வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு எண்கள் மாறும் என்பதால் அடுத்தவர் வண்டியின் கணக்கை நம்ப வேண்டாம்.

அப்புறம் பழைய ரிப்பேர் பில்களை எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். எந்த வேலைக்குப் பிறகு தொல்லை ஆரம்பித்தது என்று பாருங்கள். பிளக் மாற்றியது, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியது, பெரிய டயர் போட்டது, பெட்ரோல் டாங்கை இறக்கியது எல்லாமே துப்புதான். ஃபியூயல் ஃபில்டர் மாற்றிய பில் ஒன்றுகூட இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓனர் மேனுவலில் ஆக்டேன் எண்ணை, அதாவது தட்டலைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்ணை, பார்க்கும்போது கவனம். வட அமெரிக்க பங்க்குகளில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்று இரண்டு முறைகளில் அளந்த ஆக்டேன் எண்களின் சராசரி. மற்ற பெரும்பாலான நாடுகளில் ஆர்.ஓ.என். மட்டும். அங்கே 87 என்பது ஆர்.ஓ.என். கணக்கில் ஏறக்குறைய 91, 92. மேனுவல் ஒரு கணக்கிலும் பங்க் வேறு கணக்கிலும் இருந்தால், தெரியாமலேயே தரம் குறைந்த பெட்ரோலைப் போட்டுவிட நேரும்.

2. சத்தம் நாக்கிங்தானா?

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஒரே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பாரம் ஏறும்போது வந்து, காலை எடுத்ததும் சட்டென்று நின்றால் அது நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை சீராக எரியாமல் வெடிப்பது. வண்டி நிற்கும்போது குறிப்பிட்ட ஒரு இன்ஜின் சுற்று வேகத்தில் மட்டும் கிணுகிணுத்தால் சைலன்ஸர் மேலுள்ள வெப்பத் தகடு தளர்ந்திருக்கலாம். இன்ஜின் குளிராக இருக்கையில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு லீக்காக இருக்கலாம். ஆழமான, கனத்த தட்டல், அதுவும் ஆயில் பிரஷர் குறைவோடு சேர்ந்து வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். அது பேரிங் வேலை. இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

எவ்வளவு மிதிக்கும்போது தட்டுகிறது என்பதை எழுதி வையுங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பாதி மிதிப்பில், சீரான வேகத்தில் அல்லது லேசான ஏற்றத்தில் தட்டி, முழுதாக மிதித்தால் குறைந்தால் சந்தேகம் இ.ஜி.ஆர். பக்கம், அதாவது எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வின் பக்கம் போகும். அந்த வால்வு வேலை செய்வது பாதி மிதிப்பில்தான். முழு மிதிப்பில்தான் தட்டல் மோசமாகிறது என்றால் பெட்ரோல், டைமிங், சூடு பக்கம் பாருங்கள்.

3. காசு செலவில்லாத சோதனைகள்

ஒரு காலை நேரம் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்கட்டும். நீங்கள் முன்னால் நின்று, இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டுபோய், அல்லது மிதிக்கு அடியில் உள்ள விரிப்பு தடித்துப்போய், முக்கால்வாசி மட்டும் திறக்கும் வண்டிகள் உண்டு. நான்கு பேரல் (காற்றுத் துளை) உள்ள கார்புரேட்டரில் பின்னால் உள்ள இரண்டும் திறக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் ஏர் கிளீனரின் மூக்கில் ஒரு மடல் இருக்கும். குளிர்காலத்தில் எக்ஸாஸ்ட் மேலுள்ள சூடான காற்றை இழுப்பதற்காக வைத்தது அது. அந்தப் பக்கமே சிக்கிக்கொண்டால் வெயில் காலத்திலும் இன்ஜின் வெந்த காற்றையே குடிக்கும், தட்டும்.

நான்கு சக்கரங்களையும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்டோமேட்டிக் கியர் என்றால், முழுதாக மிதிக்கும்போது கியர் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்து இறங்காமல் போனால், இன்ஜின் மேல் கியரிலேயே திணறித் தட்டும். கியர் விகிதத்தை மாற்றாமல் பெரிய டயர் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

டாங்க் காலியாகும் நேரம் பார்த்து, ஒரு தரம் மேலான ஆக்டேன் பெட்ரோலை நிரப்பி ஓட்டிப் பாருங்கள். தட்டல் போனாலும் காரணம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இது சோதனை மட்டுமே, வைத்தியம் இல்லை. மேல்தர பெட்ரோலைப் போட்டே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், பின்னால் பிஸ்டனுக்குச் செலவழிக்க வேண்டி வரலாம்.

4. சூடு

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) பொருந்தியிருக்கும் உலோக உறையில் அளந்து பாருங்கள். அந்தக் கால இன்ஜின்களில் பெரும்பாலும் 90 டிகிரி செல்சியஸ் அளவில் தெர்மோஸ்டாட் திறக்கும். நெடுஞ்சாலையில் மட்டும் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகியுங்கள். ஊருக்குள் நெரிசலில் மட்டும் ஏறினால் ஃபேன் கிளட்சைப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

5. கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?

அமெரிக்கச் சந்தைக்கு வந்த வண்டிகளில் 1996 முதல், கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்க உதவும் ஓ.பி.டி.-2 சாக்கெட் இருக்கும். மலிவான ஸ்கேனரே போதும். அதற்கு முந்தையவற்றில் இரண்டு முனைகளை வயரால் இணைத்து, இன்ஜின் விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணும் முறை பலவற்றில் உண்டு. எந்த முனைகள் என்பதை மேனுவலில் பாருங்கள்.

கம்ப்யூட்டர் தரும் பிழைக் குறியீடுதான் கோடு (code). பி0171, பி0174 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி0401 என்றால் இ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை. பி0325 என்றால் தட்டலை உணரும் நாக் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. இந்தக் கடைசிக் கோடு வந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும், இழுவை போய்விடும்.

கோடே இல்லாவிட்டாலும் ஃபியூயல் டிரிம் எண்களை (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். நீண்டகால டிரிம் கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டினால், கம்ப்யூட்டர் எங்கோ குறையும் பெட்ரோலை ஈடுகட்டப் போராடுகிறது. ஐடிலில் அதிகமாக இருந்து, சுற்று ஏறும்போது இறங்கினால் வேக்கம் லீக். சுற்றும் பாரமும் ஏற ஏற எண்ணும் ஏறினால் பம்ப், ஃபில்டர், அல்லது காற்றளவைச் சென்சாரில் அழுக்கு.

கோடுகளை எழுதிக்கொள்ளாமல் அழிக்காதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள். மெக்கானிக்குக்கு அவை மிக முக்கியமான சாட்சி.

6. டைமிங்

பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் ஒன்று வேண்டும். விலை அதிகமில்லை, இரவல் கிடைத்தாலும் சரி. எதையும் கழற்றாமல் அப்படியே லைட்டை அடித்துப் பார்ப்பதுதான் எல்லோரும் விழும் குழி. கார்புரேட்டர் வண்டியில் வேக்கம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி முனையை அடைக்க வேண்டும். த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் வந்த செவ்ரோலே 350 இன்ஜினில் கறுப்புக் கோடு போட்ட பழுப்பு வயரைப் பிரித்துவிட்டு 0 டிகிரி பார்க்க வேண்டும். ஃபோர்டின் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் ஸ்பவுட் என்ற சிறிய செருகியை எடுத்துவிட்டுப் பெரும்பாலும் 10 டிகிரி. டொயோட்டா 22ஆர்-இ இன்ஜினில் டி.இ.1, இ1 முனைகளை இணைத்து 5 டிகிரி. டாட்ஜின் 5.2, 5.9 லிட்டர் மேக்னம் இன்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் டைமிங் மாறவே மாறாது, அங்கே கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சென்சார்தான் அதைத் தீர்மானிக்கிறது. உங்கள் ஸ்டிக்கர் வேறு சொன்னால் ஸ்டிக்கர் சொல்வதே சரி.

கிராங்க் முனையில் உள்ள பேலன்சர் நடுவில் ரப்பர் வைத்த இரண்டு வளையங்களால் ஆனது. ரப்பர் இற்றுப்போனால் வெளி வளையம் நழுவும், அதோடு டைமிங் குறியும் நழுவும். பிறகு லைட் காட்டுவதெல்லாம் பொய். ரப்பர் வெளியே பிதுங்கியிருந்தால், முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைத் தனியாகக் கண்டுபிடித்துக் குறியைச் சரிபார்க்கவும்.

மெக்கானிக் எந்த அளவும் எடுக்காமல் டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளிச் சத்தத்தை அடக்கிக் கொடுப்பது சகஜம். எங்கள் வண்டிக்கும் அதைத்தான் செய்தார்கள். சத்தம் போனது, மிச்சமிருந்த இழுவையும் சேர்ந்து போனது, எக்ஸாஸ்ட் இன்னும் சூடானது. அளவு சொல்லும் இடத்தில் டைமிங் இருந்தால் அதைத் தொட விடாதீர்கள்.

7. பெட்ரோல் போதுகிறதா?

நெடுஞ்சாலையில் இழுவை போகும் பழைய வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஐடிலில் இன்ஜின் குடிப்பது கொஞ்சம். பாதி செத்த பம்ப்கூட அதைக் கொடுத்துவிடும். அதனால் பட்டறையில் நிறுத்திவைத்து அளந்தால் எல்லாம் சரி என்றே வரும். பாரத்தோடு ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

முதலில் ஃபில்டர். மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள், இருப்பதிலேயே மலிவான பாகங்களில் இது ஒன்று. அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். பெட்ரோல் உள்ளே நுழையும் முனையைக் கீழே வைத்து, வெள்ளைத் துணி விரித்த தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். தெளிந்த பெட்ரோல் வந்தால் நல்லது. எங்களுடையதிலிருந்து செங்கல் பொடி கரைத்தது போலத் துரு கலந்த நீர் வழிந்து, துணியில் கறுப்புத் துணுக்குகள் தங்கின. டாங்குக்குள் என்ன இருக்கிறது என்பதை அந்தத் துணியே சொல்லிவிட்டது.

அடுத்து பிரஷர். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஏற்ற கேஜும் நீளமான குழாயும் வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். இணைக்குமுன் லைனில் உள்ள பிரஷரை இறக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணை உங்கள் இன்ஜினுக்கான மேனுவலில் பாருங்கள், ஏனென்றால் வித்தியாசம் பெரிது. த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் செவ்ரோலேவில் 9 முதல் 13 பி.எஸ்.ஐ. (பிரஷரின் அலகு) போதும், அதே நிறுவனத்தின் பிந்தைய வோர்டெக் இன்ஜின்களில் 60ஐ ஒட்டி வேண்டும்.

கேஜைக் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். உள்ளே பெட்ரோல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பானெட்டின் பின்விளிம்பு வழியாகக் குழாயை வெளியே எடுத்து, கேஜை முன் கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் டேப்பால் ஒட்டுங்கள். குழாய் சூடான இடத்திலும் பெல்ட்டிலும் படாதபடி கட்டுங்கள். கசிவு இல்லை என்று நிறுத்திவைத்தே உறுதி செய்த பிறகு, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் முள்ளைப் பார்க்கட்டும்.

எங்கள் வண்டியில் ஐடிலில் முள் இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது. சமதளத்திலும் அப்படித்தான். ஏற்றத்தில் முழுதாக மிதித்ததும் மெல்ல நழுவ ஆரம்பித்து, அளவின் கீழ் எல்லையைத் தாண்டியதும் தட்டல் கேட்டது. காலை எடுத்ததும் முள் ஏறியது, சத்தம் நின்றது. டாங்கை இறக்கியபோது பம்பின் அடியில் உள்ள வலை வடிகட்டி துருவால் மூடிக்கிடந்தது. பம்ப், வலை, டாங்க் கழுவல், புது ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே வேலையாக முடித்தோம். பம்பை மட்டும் மாற்றிவிட்டு டாங்கைக் கழுவாமல் விட்டால் புது பம்பும் அதே வழியில் போகும். டாங்க் ஏறக்குறையக் காலியாக இருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் கூலியும் சிரமமும் குறையும்.

கேஜ் கிடைக்காவிட்டால் ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட்டைப் பாருங்கள். முழு மிதிப்பில் 0.8, 0.9 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். பாரம் ஏறும்போது அது விழுந்தால் இன்ஜின் பெட்ரோலுக்குத் தவிக்கிறது. பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயையும் கழற்றி முகர்ந்து பாருங்கள், உள்ளே பெட்ரோல் இருந்தால் அதன் சவ்வு கிழிந்துவிட்டது.

8. புகைவழி அடைப்பு

வேக்கம் கேஜ் ஒன்று போதும், சில நிமிட வேலை. கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 22 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது நிமிடத்துக்கு 2500 சுற்றில் அப்படியே பிடித்திருங்கள். முள் நிலையாக நின்றால் பிரச்சினை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை. உறுதி செய்ய, முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் பிரஷர் கேஜை வைத்து அளக்கவும். 2500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ. தாண்டினால் அடைப்புதான், பெரும்பாலும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டினால், உள்ளே உடைந்த துண்டுகள் கலகலக்கும்.

கன்வெர்ட்டர் விலை உயர்ந்த பாகம், அதனால் அளக்காமல் மாற்றாதீர்கள். அது தானாகக் கெட்டுப்போவதும் அபூர்வம். மிஸ் அடிக்கும் சிலிண்டரோ ஆயில் குடிக்கும் இன்ஜினோ அதைக் கொன்றிருக்கும், அதைச் சரி செய்யாமல் புதிது போட்டால் பணம் வீண். வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் போடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். பல நாடுகளில் அது குற்றம், புகைச் சோதனையிலும் தேறாது.

9. இ.ஜி.ஆர்., வேக்கம் குழாய்கள்

எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு எரிப்பின் உச்ச வெப்பத்தைக் குறைப்பதுதான் இ.ஜி.ஆரின் வேலை. அதை அடைத்துவிட்டால் வண்டி நன்றாக ஓடும் என்பார்கள். ஆனால் அது இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் டைமிங் அமைத்திருக்கிறார்கள். அடைத்தால் தட்டும்.

வேக்கத்தால் இயங்கும் வால்வு என்றால், ஐடிலில் கைப் பம்பால் வேக்கம் கொடுங்கள். இன்ஜின் திணற வேண்டும் அல்லது நின்றுவிட வேண்டும். வால்வு அசைந்தும் இன்ஜினில் மாற்றமே இல்லை என்றால் பாதையில் கரி அடைத்திருக்கிறது, கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். செலவு ஒரு கேஸ்கெட் மட்டும். வேக்கம் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள், வெடிப்பு விட்டவற்றை மாற்றிவிடுங்கள்.

10. பிளக், கரி, ஆயில்

பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர் வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். வெள்ளைப் பீங்கானில் உப்புத் தூள் போலப் பளபளக்கும் புள்ளிகள் இருந்தால், தட்டல் பிஸ்டனைத் தின்ன ஆரம்பித்துவிட்டது, இனித் தள்ளிப்போடக் கூடாது. பிளக்கின் வெப்ப எண் சரியா என்றும் பாருங்கள். சில நிறுவனங்களில் எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக், சிலவற்றில் நேர்மாறு. எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் தவறு நேரும்.

பிளக் ஈரமாக ஆயில் படிந்திருந்தால், அந்த ஆயில் வரும் வழியைத் தேடுங்கள். ஆயில் கலந்த கலவையின் ஆக்டேன் குறைந்துவிடும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி உறிஞ்ச விடும் பி.சி.வி. வால்வு மலிவு, முதலில் அதை மாற்றுங்கள். மேலே சொன்ன மேக்னம் இன்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டின் அடித்தகட்டு கேஸ்கெட் விட்டுப்போய் ஆயிலை உறிஞ்சுவது எல்லோரும் அறிந்த நோய். த்ராட்டிலைத் திறந்து டார்ச் அடித்தால், உள்ளே தரையில் ஆயில் தேங்கி நிற்பது தெரியும். அலுமினிய மேனிஃபோல்டும் இரும்புத் தகடும் வெவ்வேறு அளவில் விரிவதுதான் காரணம்.

11. கடைசியாக இன்ஜினின் உள்ளே

இதுவரை எல்லாம் சரி என்றால் மட்டும் கம்ப்ரஷன் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜ், எல்லாப் பிளக்கும் வெளியே, திராட்டில் முழுத் திறப்பு, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிப்பு. குறைந்த சிலிண்டர் அதிகமானதில் 75 சதவீதமாவது காட்ட வேண்டும். எல்லாமே மேனுவலைவிட அதிகம் காட்டினால் உள்ளே கரி படிந்து இடத்தைக் குறைத்திருக்கிறது, கார்பன் நீக்கும் திரவம் பலன் தரலாம்.

டைமிங் செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் திருப்புங்கள். திசை மாற்றிய பிறகு ரோட்டர் (மூடிக்கு உள்ளே சுழலும் துண்டு) அசைய ஆரம்பிக்க எத்தனை டிகிரி ஆகிறது என்று குறியுங்கள். தளர்வு அதிகமென்றால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு பின்தங்கியிருக்கும், நெடுஞ்சாலை இழுவை அங்கே போகும்.

12. மெக்கானிக்கிடம் போகும்போது

மேலே உள்ள அளவுகளை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தச் சுற்றில், எவ்வளவு மிதிப்பில், எந்தச் சூட்டில் தட்டுகிறது, பிரஷர் எவ்வளவு, வேக்கம் எவ்வளவு, கோடுகள் என்ன. "நெடுஞ்சாலையில் ஓட்டும்போது பிரஷர் அளந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சோதனைக் கூலியையும் பாகங்களின் விலையையும் பில்லில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாறட்டும், இல்லையென்றால் எது சரி செய்தது என்றே தெரியாது.

வேலை முடிந்ததும் அதே ஏற்றம், அதே பெட்ரோல், ஏறக்குறைய அதே பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தால் கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ளச் சில நாள் ஓட்டம் தேவைப்படும். அதனால் முதல் நாளே முடிவு கட்டாமல், ஒரு டாங்க் பெட்ரோல் தீரும் வரை ஓட்டிவிட்டு, டிரிம் எண்களை மறுபடி பார்த்து அதே தாளில் பக்கத்தில் எழுதுங்கள்.